உபதேசியாரின் விக்கல்

கடலுக்குப் போன மீன்பிடி வத்தைகளெல்லாம் விடிந்ததும் கரையேறிவிட்டன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில்தான் உபதேசியார் வேதநாயகத்தின் ஒரே மகன் சவேரி போயிருந்தான்.

"மகன் வத்தை இன்னும் வரலையாமே?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

"மாதா மடியில இருக்கான். எனக்கென்ன கவலை?" என்றார் வேதநாயகம். சொன்ன வாய் மூடுமுன் 'விக்' என்றது.

விஷயம் இதுதான். கவலை வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்குத் தூக்கம் போகும். வேதநாயகத்துக்கு விக்கல் வரும். "யாரோ நினைக்கிறாக" என்று சொல்லி இத்தனை வருஷமாக ஊருக்குத் தெரியாமல் சமாளித்து வருவதாக அவருக்கு நினைப்பு.

சமாளிக்காமல் முடியுமா? பங்குச் சாமியார் எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் கோயிலைத் திறப்பதும், செபம் சொல்வதும், புத்திமதி சொல்வதும் இவர்தான். போன ஞாயிற்றுக்கிழமைகூட, "கவலைப்படுறவன் ஆண்டவரை நம்பாதவன்!" என்று பீடத்துப் பக்கத்து மேசையை ஓங்கித் தட்டினார். அப்படிப்பட்ட மனிதர் கரையில் போய்க் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றால் மரியாதை என்னாவது?

வீட்டுக்கு வந்தார். மனைவி லீமாரோஸ் கஞ்சிச் சட்டியை முன்னால் வைத்தாள்.

"ரெண்டு வாய் குடிங்க."

"எனக்கு... விக்... பசியில்ல."

லீமாரோஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற வயிறு, அவளுக்கும் உள்ளே பற்றி எரிந்துகொண்டுதான் இருந்தது. "அடுப்புக்கு நெருப்பு வாங்கியாரேன்" என்று கொல்லைப்பக்கமாகப் போனாள்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு வேளாங்கண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உபதேசியாரய்யா, எங்க வெள்ளாடு நேத்துலேர்ந்து தழை திங்க மாட்டேங்குது. செத்துருமோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருது."

வேதநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட கிறுக்கச்சி! ஆட்டைப் படைச்சவரு அதோட வயித்தையும் சேத்துத்தானே படைச்சாரு? நீ ஒப்பாரி வச்சா அது தின்னுருமா? அந்தோணியாருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டுப் பேசாம இரு. மிச்சத்தை அவரு பாத்துக்கிருவாரு."

"இப்பத்தான்யா எனக்கு மூச்சே வருது" என்று அவள் போனாள்.

விக்கல் நின்றிருந்தது. 'நாம இல்லாட்டி இந்த ஊரு என்னாகும்!' என்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பெருமை கஞ்சி ஆறும் வரைக்கும்கூட நிற்கவில்லை. சவேரி முகம் கண்ணுக்குள் வந்தது. 'விக்!'

யாரும் பார்க்காத இடத்தில் மண்டியிட்டு மன்றாடுவோம் என்று கோயிலுக்கு ஓடினார். உள்ளே நுழைந்ததும் கால் தள்ளாடியது. பிடிமானத்துக்குக் கையில் அகப்பட்டது மணிக்கயிறு.

"மாதாவே, எம்புள்ளைய..."

'விக்!' உடம்பு தூக்கிப்போட்டது. கயிறு இழுபட்டது. மேலே மணி அடித்தது. பதறிப்போய் இன்னும் இறுக்கிப் பிடித்தார். 'விக்! விக்!' மணி விடாமல் அடித்தது.

நேரங்கெட்ட நேரத்தில் அந்தக் கோயில் மணி அடித்தால் கடலில் ஏதோ வத்தைக்கு ஆபத்து என்று அர்த்தம். கையில் அகப்பையோடும், கிழிசல் பாதி பொத்திய வலையோடும் ஊரே ஓடிவந்துவிட்டது.

"யாரு வத்தை? யாரு வத்தை?"

"வத்தையுமில்ல, ஒன்னுமில்ல! செபமாலை சொல்லலாம்னுதான் அடிச்சேன்."

"உச்சிப்பொழுதுலயா?"

"செபத்துக்கு... விக்... நேரமென்ன காலமென்ன? உக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மன்றாட்டுக்கும் நடுவில் ஒரு விக்கல் விழுந்தது. ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலருக்குத் தோள் குலுங்கியது. பக்தியில் அழுகிறார்கள் என்று நினைத்து வேதநாயகம் மனம் நெகிழ்ந்தார்.

செபம் முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் கருவாட்டு வியாபாரி சீனி முகம்மது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். லீமாரோஸ் அவர் பக்கத்திலிருந்து அப்போதுதான் நகர்ந்து போனாள்.

"என்ன முதலாளி, இங்கன?"

"உபதேசியாரே, மருமகன் கொழும்புக்குத் தோணியில போயிருக்கான். அல்லா காப்பாத்துவான்னு புத்திக்குத் தெரியுது, மனசுக்குத் தெரிய மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தேவலாம்."

வேதநாயகத்துக்கு நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. பள்ளிவாசல் தெருக்காரர்கூட நம்மைத் தேடி வருகிறார்!

"முதலாளி, நான் ஒன்னு கேக்குறேன். கடலு பெருசா, கடலைப் படைச்சவன் பெருசா?"

"படைச்சவன்தான்."

"அப்ப உங்க மருமகன் சின்னதுக்குள்ளயா இருக்கான்? பெரியவன் கைக்குள்ளதானே இருக்கான்!"

சொல்லி முடித்ததும் வேதநாயகத்துக்கே அந்த வார்த்தை வேறு யாரோ தனக்குச் சொன்னது மாதிரி இருந்தது. விக்கல் போன இடம் தெரியவில்லை.

பிற்பகலில் தெற்கேயிருந்து சோழகக்காற்று எழும்பியது. அலை வெள்ளை வெள்ளையாகத் திரும்பியது. வேதநாயகத்துக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்குள் போய், சிறிய மாதா சுரூபத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தார்.

"மாதாவை எங்க கொண்டுபோறீக?" என்று கேட்டவர்களிடம், "அடியில ஈரம் பாயுது... விக்... வெயில் படட்டும்" என்றார்.

யாரிடம் காது குத்துகிறார்? வத்தை காணாமல் போனால்தான் அந்த ஊரில் மாதா கரைக்கு வருவாள். பின்னாலேயே ஜனமும் வந்து நின்றது. அலைச் சத்தமும் உபதேசியாரின் விக்கலும் மட்டும்தான் கேட்டன. மகன் வராமல் போய்விடுவானோ என்று முதன்முதலாக வெளிப்படையாகவே நினைத்தார். நினைத்ததும் மாதாவைப் பக்கத்தில் இறக்கிவைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். விக்கல் அவரைப் பேசவிடவில்லை, மூச்சும் விடவிடவில்லை.

கூட வந்திருந்த லீமாரோஸ் ஜனங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மீன் விற்கிற முத்தழகு சட்டென்று கூடையை இறக்கிவிட்டு அவர் முன்னால் வந்து குந்தினாள்.

"உபதேசியாரய்யா, எம்மகளுக்கு மாப்பிள்ளையே அமைய மாட்டேங்குது. கவலையில உருகிப்போறேன்யா!"

அவளுக்குப் பின்னால் வரிசையே நின்றது. ஒருத்தனுக்குப் பல்வலி. ஒருத்தன் வலையை எலி கடித்துவிட்டது. ஒருத்தி, "எங்க மாமியா இன்னமும் கல்லு மாதிரி இருக்காக, அதான் கவலை" என்றாள். வேதநாயகம் ஒருவரையும் விடவில்லை. கடிந்து சொன்னார், கனிந்து சொன்னார், கண்ணீரோடு சொன்னார். "மாதா பாத்துக்கிட்டு நிக்கிறா, நீ ஏன் பயப்படுறே?" என்று எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, சூரியன் மேற்கே சரிந்தபோது அவர் குரல் கணீரென்று ஆகியிருந்தது.

"பாய்! பாய் தெரியுது!" என்று யாரோ கத்தினார்கள்.

சவேரியின் வத்தைதான். லீமாரோஸ் அலைக்குள்ளேயே ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

"ராத்திரி காத்து நின்னுபோயி, நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போயிருச்சும்மா. சோழகம் வந்த பெறகுதான் பாயே விரிச்சோம்" என்றான் சவேரி. "அய்யா ரொம்பப் பயந்துட்டாகளோ?"

"யாரு, நானா?" வேதநாயகம் மணலைத் தட்டிவிட்டு எழுந்து, மாதாவை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டார். "ஊருதாண்டா கலங்கிப்போச்சு! ஆம்பளை பொம்பளை அத்தனை பேருக்கும் கவலை. ஒத்த ஆளா நின்னு தேத்தியிருக்கேன். விசுவாசம்னா என்னன்னு உங்கய்யாவைப் பாத்துத் தெரிஞ்சுக்க!"

மாதாவோடு அவர் நெஞ்சை நிமிர்த்திக் கோயிலுக்கு நடக்க, ஊரே பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றது.

முத்தழகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்தபடி சவேரி காதோரம் குனிந்தாள்.

"ஏலே, இனிமே நேரத்தோட கரைக்கு வந்துருடா. உங்கய்யா விக்கலை நிறுத்தக் கொண்டுபோய்க் குடுக்க, ஊர்ல ஒருத்தர்ட்டயும் கவலை மிச்சமில்ல!"