பூனாகலைக்கு வந்த கடல்பாம்பு

படித்துவிட்டு ஊருக்கு வரும் பிள்ளையிடம் யாராவது மைக்கை நீட்டினால், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வேண்டும். இந்த ஞானம் எனக்கு வருவதற்குள், பூனாகலையில் ஒரு மலை முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறிக்க ஆளில்லாமல் கிடந்தது. காரணம் நான்தான். துணைக்குச் சில கடல்பாம்புகள்.

அப்போது நான் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கடல்பாம்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். மீனோடு சேர்ந்து வலையில் சிக்கும் பாம்புகளை அளந்து பார்த்து, மறுபடி கடலில் விடுவது என் வேலை. (இதற்காகவா இந்தப் பாடு பட்டு உன்னைப் படிக்க வைத்தோம் என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு கேட்கவில்லை.)

விடுமுறையில் வந்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கோயில் மண்டபத்தில் மாதர் சங்கம் என்னைப் பேச வைத்தது. சங்கத்தின் தலைவி ராசாத்தி அத்தை, அப்பாவின் தங்கை. வாயைத் திறந்தால் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கும்.

வீட்டில் "சோத்தப் போடும்மா" என்று பேசுகிற நான், மைக்கைப் பிடித்ததும் வானொலிச் செய்தியாக மாறிவிட்டேன். "சமுத்திரங்கள் வெப்பமடைவதால் கடல்பாம்புகள் குளிர்ந்த பிரதேசங்களை நோக்கி இடம்பெயர்கின்றன!" என்று முழங்கினேன்.

முன்பு தண்ணீர் சில்லென்று இருந்ததால் பாம்புகள் எட்டிப் பார்க்காத தூரத்துக் கடல்கள், இப்போது சூடேறி அவற்றுக்கு வசதியாகி வருகின்றன. இதுதான் நான் சொல்ல நினைத்தது. கடலைவிட்டுக் கடலுக்குத்தான் போகின்றன என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். போதாக்குறைக்கு, இடம்பெயர்தல் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணச் சொல் இல்லை.

"பாவங்க," என்றார் முன்வரிசையில் ஒருவர்.

ராசாத்தி அத்தை எழுந்தார். "மண்சரிவுன்னு நம்மள எழுப்பினப்ப ஸ்கூல்ல தங்க வச்சாங்க. இதுங்கள எங்க வைப்பாங்க?"

அத்தை வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

"இங்கயும் வருமா பாப்பா?"

இங்கே என்றால் எனக்கு இலங்கை. அத்தைக்குக் கோயிலிலிருந்து நாங்கள் குடியிருக்கும் லயம் வரை.

"இங்க ஏற்கனவே நெறைய இருக்கு அத்தை. நானே கையால புடிச்சிருக்கேன்."

மண்டபம் அடங்கிப்போனது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, "கடிச்சா பல நேரம் வலிகூடத் தெரியாது. அதான் ஆபத்தே," என்று சொல்லி உரையை முடித்தேன். கைதட்டல் வரவில்லை. எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள்.

அன்று மாலையே மடுல்சீமையிலிருந்து சித்தி அம்மாவுக்குப் போன் செய்தார். "கதவ நல்லாச் சாத்திக்கிட்டு இருங்கக்கா. பூனாகலையில பாம்பெல்லாம் லொறியில வந்து எறங்குதாமே!"

மறுநாள் காலையில், தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். ஓடையோரம் இருக்கும் கீழ் மலைக்குப் போகவே மாட்டார்களாம்.

"ஒங்கம்மாதாங்க மொத ஆளா ஒக்காந்தது," என்றார்.

ஓடினேன். காய்ச்சலோடும் வேலைக்குப் போகிற என் அம்மா, எல்லோருக்கும் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "எம் மக படிச்சவ. அவ இருக்குன்னா இருக்குதான்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். என்னை ஒருவர் அவ்வளவு நம்பியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"அம்மா, அது கடல விட்டு வராதும்மா. வாலு துடுப்பு மாதிரி இருக்கும், தரையில அதால ஊரவே முடியாது."

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? நம்மள வேலைக்கு எறக்கத் தோட்டத்துத் தொரை இப்படிச் சொல்லச் சொன்னாரா பாப்பா?"

அவ்வளவுதான். அதுவரை அரைகுறையாக நம்பியவர்களும் முழுசாக நம்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, பண்டாரவளையிலிருந்து மீன் கொண்டுவரும் காசிம் நானா மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நடப்பது ஒன்றும் தெரியாமல் பெட்டியைத் திறந்தார். மேலாகவே, நீளமாக, பளபளவென்று சுருண்டு கிடந்தது சாவாளை மீன்.

யாரோ வீறிட்டார்கள். நானா பதறிப்போய், "மீன் தங்கச்சி, மீன்! பாருங்க!" என்று அதை வாலைப் பிடித்துத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அவ்வளவு பேரும் மேட்டை நோக்கி ஓடினார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எண்ட யாவாரத்தக் கெடுக்கத்தான் நீங்க படிச்சீங்களா தங்கச்சி?"

எனக்கு வீம்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, எல்லோரும் பார்க்கக் கீழ் மலைக்கு நடந்து, ஓடையில் முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். "பாத்துக்கங்க! எங்க இருக்கு பாம்பு? எங்க?" என்று கையை விரித்தேன்.

அப்போது கால் விரலிடுக்கில் வழவழவென்று ஏதோ நெளிந்தது.

நடுக்கடலில் விஷப்பாம்பின் கழுத்தைப் பிடித்தவள் நான். ஆனாலும் அன்று நான் போட்ட கூச்சல் எல்ல ஊர் வரை கேட்டிருக்கும். "ஐயோ அம்மா! கடிச்சிருச்சு!"

மேட்டிலிருந்து முதலில் குதித்தது அம்மா. பாம்பு இருக்கிறது என்று மனதார நம்பிய அதே அம்மா, ஒரு நொடிகூட யோசிக்காமல் தண்ணீருக்குள் பாய்ந்தார். பின்னாலேயே குடையை ஓங்கிக்கொண்டு அத்தை. அதற்குப் பின்னால் மொத்தப் பெண்களும், கங்காணியும், கையில் சாவாளையோடு காசிம் நானாவும்.

அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். நகத்தால் எதையோ கிள்ளி எடுத்தார்.

"அட்டை," என்றார்.

முதலில் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். ஆளுக்கு ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகுதான், இறங்கவே மாட்டோம் என்ற இடத்தில் எல்லோரும் முழங்கால் நனைய நிற்பது தெரிந்தது.

"எறங்குனது எறங்கிட்டீங்க, அப்படியே மலைக்கு ஏறிருங்க," என்றார் கங்காணி.

ஏறினார்கள். அம்மா போகும்போது என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

நான் இப்போதும் கரையோரம்தான் வேலை பார்க்கிறேன். வெயில் கூடுகிறது என்று டிவியில் சொல்லிவிட்டால் போதும், அம்மா போன் செய்துவிடுவார்.

"கடல் சூடாயிருச்சா? ஒம் பாம்பெல்லாம் கெளம்பிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"கெளம்புனா நீயும் கூடவே வந்துரு. இங்க நல்ல குளிரு."