மெஷினுக்கு மடித்துக் கொடுத்தது ஒரு குற்றமா?

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. அதற்குக் காரணம் உங்கள் மகள்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான் பெட்ஷீட் மடிக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். என் மடிப்பில் ஒரு மூலை பிசகியதாக எவளும் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உங்கள் மகளை அங்கே சேர்த்துவிட்டது யார்? நான். சேர்ந்த மறுவாரமே லீவு நாளில் மெஷின் கிளாசுக்குக் கிளம்பினாள். "மடிக்கிறதுக்கு எதுக்குடி கிளாஸு?" என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது மடிக்கிற மெஷின் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பரீட்சையாம். சிவப்பு விளக்கு எரியாமல் நாற்பது ஷீட் கொடுத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாமாம். கற்றுக்கொடுப்பது யார் என்கிறீர்கள்? உங்கள் மகளேதான். முதல் நாள் நான் ஷீட்டை உதறி, நீவி, நாலாக மடித்து மெஷின் வாயில் வைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம், கை கேட்குமா? அது உள்ளே பந்தாகச் சுருண்டு மாட்டிக்கொண்டது. விளக்கு எரிந்தது, சங்கு ஊதியது, அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அத்தை, நீங்களே மடிச்சுட்டா மெஷின் எதுக்கு? விரிச்சு ரெண்டு மூலையை மட்டும் குடுங்க" என்றாள், எல்லோர் முன்னாலும். சூப்பர்வைசர் வேறு, "மருமக சொல்றதைக் கேளும்மா, புதுசு கத்துக்கிட்டாத்தான் வேலை நிக்கும்" என்றான். அவன் வேலைக்கு வந்த முதல் நாள் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றபோது, அதைச் சொல்லித் திருத்தியதே நான்தான். உங்கள் மகள் பயிற்சி நோட்டில் என் பெயருக்கு நேரே, "இன்னும் பழக வேண்டும்" என்று எழுதினாள். என் கையால் சாப்பிடுகிறவள்!

வீட்டிலும் விடவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் மெஷினாக நிற்கிறாள், இந்தப் பக்கம் நான் மூலையை நீட்ட வேண்டும். தப்பினால் பேத்தி வாயாலேயே சங்கு ஊதுகிறாள். என் மகன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்குகிறான்.

ஆகவே அவளை உடனே கூட்டிக்கொண்டு போய் ஒரு மாதம் வைத்திருந்து, பெரியவர்களிடம் பேசக் கற்றுக்கொடுங்கள். கல்யாணத்தன்று எனக்கு மட்டும் ஆறிப்போன காபி கொடுத்த வீட்டில் அது முடியுமா என்பது வேறு விஷயம்.

சம்பந்திக்கு என் வணக்கம். உங்கள் சின்ன மகளுக்குச் சீக்கிரம் நல்ல இடம் அமையட்டும். மாமியார் வேலைக்குப் போகாதவளாகப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெரிய மகளின் மாமியார்

பின்குறிப்பு: தபால்பெட்டிப் பக்கம் போகாததால் கடிதம் பையிலேயே கிடந்தது. நேற்று பரீட்சை முடிந்தது. நாற்பது ஷீட்டுக்கும் விளக்கு எரியவில்லை. பக்கத்து மெஷின்காரிக்கு மூன்று முறை எரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்து இஸ்திரி மெஷினுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இந்த நேரம் பார்த்து உங்கள் மகளைப் புதுக் கட்டிடத்துக்குச் சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் இஸ்திரி மெஷினை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். நானாகப் போய்க் கேட்கமாட்டேன். அவளைக் கூட்டிப் போக மட்டும் வந்துவிடாதீர்கள். சும்மா வந்தால் காபி சூடாகத்தான் கொடுப்பேன். எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம்.