தையற்கோமான் கேக் சுட்ட படலம்

வாழ்க தையற்கோமான்! ஊசிமுனை ஒன்றே ஆயுதமாய் ஊரார் மானம் காத்த உத்தமர். அளவுநாடாவை வாகைமாலையெனக் கழுத்தில் சூடிய கத்தரிக்கோற் கொற்றவர். தொந்தி மறைக்கும் சட்டையும் தோள் நிமிர்த்தும் கோட்டும் தைத்து எத்தனையோ மாப்பிள்ளைகளை ஆளாக்கி மேடையேற்றியவர். விரற்கடை பிசகினாலும் விழி சிவக்கும் அளவறி பெருந்தகை. அன்னார் ஒருநாள் கடையடைத்துக் கத்தரி துறந்து மைதா மாவோடு பொருத மாபெருங்கதையைச் சொல்லத் துணிந்தோம். சொல்லும் நாவுக்கு நடுக்கமும் கேட்கும் செவிக்குக் கொட்டாவியும் வராதிருக்கட்டும்.

போர் மூண்ட காரணம் கேளீர். கோமானின் இல்லக்கிழத்தி மருத்துவமனையில் செவிலி. பிறந்தநாள் எவருக்காயினும், கணவருக்கோ, நாத்தனாருக்கோ, வார்டில் கால் ஒடிந்து கிடக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கோ, தன் தாய்வீட்டு வெண்ணெய்க் கேக்கைச் சுட்டு எடுத்துக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பவள். ஆனால் அவள் தாய்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: பிறந்தநாளுக்கு உரியவர் தம் கேக்கைத் தாமே சுடலாகாது, இன்னொருவர் கை சுட்டுத் தரவேண்டும். மணமாகி வந்த வீட்டிலோ அப்படியொரு கை இல்லை. ஆகவே ஆண்டுதோறும் அவள் பிறந்தநாள் கேக்கில்லாமலே வந்து, கேக்கில்லாமலே போயிற்று. அவளும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் கோமானின் மாமியார் தொலைபேசியில் பேச்சுவாக்கில் இதைப் போட்டு உடைத்துவிட, கோமானுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. இத்தனை காலமும் சுட்டதையெல்லாம் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

உடனே எழுந்தார், தையல் எந்திரத்தின்மேல் வலக்கை வைத்தார், திசை எட்டும் அதிரச் சூளுரைத்தார்: "அவள் பிறந்த திருநாளன்று, பணி முடித்து மாலை அவள் மனை புகும்போது, மேசைமேல் கேக் இருக்கும். அதுவரை இக்கத்தரிக்கோலைத் தீண்டேன்." மறுநாள் காலையே ஒரு பள்ளிச் சீருடைக்காக அதைத் தீண்ட நேர்ந்தது வேறு விஷயம்.

படைக்கலப் பயிற்சி தொலைபேசி வழியே நிகழ்ந்தது. மாமியார் வீட்டுச் செய்முறையில் எல்லாம் இருந்தன, அளவைத் தவிர.

"வெண்ணெய் எத்தனை கிராம் அத்தை?"

"கிராம் எல்லாம் கடைக்காரங்களுக்கு மாப்பிள்ளை. வெண்ணெயும் சர்க்கரையும் கை வலிக்கிற வரைக்கும் அடிங்க. வலிச்சதும் நிறுத்திடாதீங்க, அதுக்கப்புறம்தான் அடிக்கவே ஆரம்பிக்கணும். மாவு கரண்டியில இருந்து விழலாமா வேணாமான்னு யோசிக்கணும். அதுதான் பதம்."

"எவ்வளவு நேரம் வேகணும்?"

"கடிகாரத்தப் பாக்காதீங்க. வாசக்கதவுகிட்ட போய் நில்லுங்க. வாசனை அங்க வந்துச்சுன்னா வெந்துடுச்சுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி ஓவனத் திறந்தீங்க, பொத்துனு அமுங்கிடும்."

பொத்தான் துளையைக்கூட நாடா வைத்து அளக்கும் பெருமகனுக்கு இது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஆயினும் அஞ்சினாரில்லை.

போர்நாள் புலர்ந்தது. முந்தின மாலை மழையில் நனைந்ததன் பயனாய்க் கோமானுக்குச் சளி பிடித்திருந்தது. அதை அவர் ஒரு பொருட்டாய்க் கருதவில்லை. செவிலி பணிக்குக் கிளம்பிய மாத்திரத்தில், கோட்டுக்கு வைத்து எஞ்சிய உள்துணியால் முகக்கவசம் கட்டி, மீந்த திரைச்சீலையால் மார்க்கவசம் பூண்டு, அடுக்களைக் களம் புகுந்தார். முன்னணியில் நின்ற முதல் முட்டை ஓட்டோடு கிண்ணத்துள் வீழ்ந்து வீரசுவர்க்கம் எய்தியது. இரண்டாவது கைக்கு அகப்படாமல் தரையில் உருண்டு தற்கொடை புரிந்தது. ஏனையவை அது கண்டு சரணடைந்தன. வெண்ணெயும் சர்க்கரையும் ஒன்றையொன்று ஏற்காது முறைத்து நிற்க, சண்டைக்கார மாமியாரையும் மருமகளையும் ஓரறையில் அடைத்தாற்போல் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் அடைத்து, இஸ்திரிப் பெட்டி இழுத்து இழுத்து உரமேறிய தோள் துவள, முழங்கை முறிய, பல் நறநறக்க அவர் அடித்த அடியில் மஞ்சள் வெளுத்தது, கட்டி கரைந்தது, கண்டோர் எவரும் இல்லாமையால் புகழ்வோரும் இல்லாது போயினர். மைதாப் புழுதி விண்ணை மறைத்தது. இறுதியில், பொழுது சாயும் வேளையில், மாவு கரண்டி நுனியில் தொங்கி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழுந்தது. கோமான் கரண்டிக்கு ஒரு கும்பிடு போட்டார். தகரத்தட்டில் அதை வார்த்து, திருகில் எண்களெல்லாம் தேய்ந்துபோன பழைய ஓவனுள் ஏற்றி, கதவைச் சாத்தினார்.

பின்னர், அத்தை பணித்தபடி வாசற்கதவைத் திறந்துவைத்து, நெஞ்சு நிமிர்த்தி நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வாசனை வரவில்லை. மூச்சை இழுத்தார், வரவில்லை. இன்னும் ஓங்கி இழுத்தபோதுதான் அந்தக் கொடிய உண்மை இடியென இறங்கிற்று: நாசித்துவாரங்கள் இரண்டும் முற்றுகையிடப்பட்ட கோட்டையின் வாயில்களெனச் சாத்திக் கிடந்தன. உள்ளே கேக் வேகிறதா, வெந்ததா, கரிகிறதா என்று அறிய வழியில்லை. ஓவனைத் திறந்தால் அமுங்கும், திறவாவிட்டால் தீயும். அவள் பேருந்து ஏறியிருப்பாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உலகில் அப்போது அவர் கைக்கெட்டிய மூக்கு ஒன்றே ஒன்று. அது எதிர்வீட்டில் இருந்தது. அதற்குரியவர் பல் மருத்துவர். அவரே கோமானின் பரம வைரி. இரு வாசல்களுக்கும் இடையே கோமான் நிறுவிய செருப்பு அலமாரி தம் எல்லைக்குள் நீள்வதாக மருத்துவர் முறையிட, கோமான் நாடா பிடித்து அளந்து, நீளவில்லை என்று நிறுவ, அன்று முதல் இருவரும் ஒரே படியில் ஏறி இறங்கியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மானம் பெரிதா, மனைவி பெரிதா என்று கோமான் கணநேரம் தயங்கினார். பிறகு போய்க் கதவைத் தட்டினார்.

"சார், ஒரு உதவி. கொஞ்சம் மூக்கு வேணும்."

"நான் பல்லு டாக்டர்."

"வைத்தியத்துக்கு இல்ல சார். மோந்து பாக்கறதுக்கு."

மூக்குறிஞ்சியவாறே கோமான் கதை முழுவதும் சொல்லி முடிக்க, மருத்துவர் கதவை முழுதாய்த் திறந்தார். "போன வருஷம் என் பிறந்தநாளுக்கு உங்க வீட்டம்மா சுட்டுக் குடுத்தாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து கோமான் வீட்டு வாசலில் நின்றார். கண்மூடினார். இழுத்தார்.

"வாசனை வருது."

"வெண்ணெய் வாசனையா சார்?"

"இல்ல. உங்க செருப்பு."

அந்தோ! மழையில் நனைந்த சப்பாத்துகளும் ஈரம் காயாக் காலுறைகளும் குடிகொண்ட அவ்வலமாரி, வாசலை மறித்து நின்று, வேறெந்த வாசனையும் வந்து சேரவொட்டாமல் தனியாட்சி புரிந்துகொண்டிருந்தது. விரற்கடை நிலமும் விட்டுத்தரேன் என்று மழையிலும் வெயிலிலும் காத்த எல்லைக்காவல் அது. கோமான் அதை ஒருமுறை பார்த்தார்; உள்ளே ஓவனை ஒருமுறை பார்த்தார்; குனிந்து ஒரு முனையைப் பற்றினார். மறுமுனையை மருத்துவர் பற்றினார். நாடா கொண்டு வென்ற நிலத்தைத் தாமே துறந்து, இருவருமாய்த் தூக்கிப் போய்க் பின்புறத்து உப்பரிகையில் வைத்துவிட்டு ஓடிவந்தனர்.

மருத்துவர் மறுபடி இழுத்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "வந்துடுச்சு சார். ஓடுங்க."

ஓடினார். வெளிப்பட்டது கேக், பொன்னிறத்தில், ஒருபுறம் மேடும் மறுபுறம் பள்ளமுமாய். சட்டையாயிருந்தால் பிரித்துத் தைத்திருப்பார். மேசைமேல் வைத்து இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே படியேறும் காலடி கேட்டது. பாதிப் படியில் அது நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு விரைந்து வந்தது.

தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அவள் கேக்கைப் பார்த்தாள். முகத்தில் மாவு அப்பிய கணவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு மருத்துவரைப் பார்த்துத்தான் மிகவும் திகைத்தாள்.

"யாருங்க சுட்டது?"

"நான்தான். கொஞ்சம் கோணலா வந்துடுச்சு."

அவள் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டாள். மென்றாள். கண் நிறைந்து கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. "எங்க வீட்டு கேக்குதாங்க," என்றாள்.

அக்கணம் அளவறி பெருந்தகையின் உள்ளம் அளவிறந்து பூரிக்க, பகை மறந்த பல் மருத்துவர் தொழிலறம் மறந்து இரண்டாம் துண்டுக்குக் கை நீட்ட, இல்லக்கிழத்தி இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்துத் தன் கையாலேயே கணவர் வாயில் ஊட்டி, "நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?" என்று ஈரவிழி விரியக் கேட்டு நிற்க, கடல் கடைந்து பெற்ற அமுதை முதன்முதல் நாவில் ஏந்திய வானவனைப்போல் கண்மூடி, தலையசைத்து, மெல்ல மெல்ல மென்று விழுங்கி, "பிரமாதம்" என்று முழங்கினார் தையற்கோமான்.

சளி பிடித்திருந்ததால் அவருக்கு ஒன்றும் ருசிக்கவில்லை.