எலி தைத்த போர்வை

"அத்தை, கவுன் தைச்சது போக மிச்சத் துணியெல்லாம் எங்கே போகுது?"

அளவு கொடுப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்ற டீச்சரின் மகள்தான் கேட்டாள். டெய்லரம்மாவின் கையிலிருந்த இன்ச் டேப் அந்தரத்தில் நின்றது.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் வெள்ளிக்கிழமை தந்துவிடுகிற அபூர்வமான டெய்லர். ஆண்டவனைக் கும்பிடாமல் மெஷினில் கால் வைத்ததில்லை. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவளிடம் நேர்மையான பதில் கிடையாது.

"எலி தின்னுடுது கண்ணு," என்றாள்.

உண்மையில் மிச்சத் துணியெல்லாம் வெட்டு மேஜைக்கு அடியிலிருந்த தகரப் பெட்டிக்குள் போனது. பெட்டி நிறைந்ததும் ஒட்டுப் போட்ட போர்வையாக வெளியே வந்தது. போன மழைக்கு வாட்ச்மேனுக்கு ஒன்று. இந்த மழைக்குத் தெரு கூட்டுகிற பெண்ணுக்கு. அவளுக்கு இரட்டைக் குழந்தை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக் கூரையோ வெளியே மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும். அதனால் போர்வையைக் கொஞ்சம் அகலமாகவே வளர்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் நல்லதுதான். துணிதான் பிறத்தியாருடையது. கேட்டால் கொடுப்பார்களோ மாட்டார்களோ என்று கேட்காமலே எடுத்துப் பழகிவிட்டாள். துணி அடிக்கிற டெய்லர் என்று ஒரு வாய் சொன்னால் போதும், கடைக்குப் பூட்டுத்தான்.

மறுநாள் காலை நர்ஸ் வந்தாள். எலி இருக்கிறதாமே, என் யூனிஃபார்ம் பத்திரமா என்று விசாரித்தாள். டெய்லரம்மா அசரவில்லை. அந்த எலி மிச்சத் துணியை மட்டும்தான் தொடும், முழுத் துணியில் வாய் வைக்காது என்று அடித்துச் சொன்னாள்.

"அவ்வளவு ஒழுக்கமான எலியா? எங்க வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்பி வையேன். எங்க எலிங்க பார்த்துக் கத்துக்கட்டும்," என்றாள் நர்ஸ், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மத்தியானம் பேங்க் கேஷியர் வந்தாள். அவள் எதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்க்கிற ரகம்.

"போன தடவை என் மஞ்சள் கோடு போட்ட துணியிலே மிச்சமே ஆகலைன்னு சொன்னியே. அப்போ எலி எதைத் தின்னுது?"

"மிச்சமாகறதுக்கு முன்னாடியே தின்னுடுச்சு மேடம்."

கேஷியர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்றே டெய்லரம்மா நினைத்தாள்.

பஸ் டிரைவரான அவள் புருஷன்தான் எலியை முழுமனதாக நம்பினார். விஷம் வைக்கலாமா என்றார். பாவம் என்று தடுத்தாள். பொறியில் ரொட்டித் துண்டு வைத்தார். காலையில் ரொட்டி வைத்தபடியே இருந்தால் எலியே இல்லை என்று ஆகிவிடுமே என்று பயந்து, விடிந்ததும் அவளே அதை எடுத்துத் தின்றுவிட்டாள்.

அதுதான் வினையாகிப் போயிற்று. பொறியில் சிக்காமல் ரொட்டியை மட்டும் தின்கிறது என்றால் அது சாதாரண எலி இல்லை, பெருச்சாளி என்று புருஷன் தெரு முழுக்கச் சொன்னார். சாயங்காலம் டீச்சர் தன் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு மகளோடு வந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க நர்ஸும் கேஷியரும் கூட வந்தார்கள்.

பூனை கடையை ஒரு சுற்றுச் சுற்றியது. மெத்தென்ற இடம் எது என்று பூனைக்குச் சொல்லித்தர வேண்டுமா? நேரே தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பிறாண்டத் தொடங்கியது.

"மாட்டிச்சு," என்று புருஷன் கம்பை எடுத்தார்.

"என்னங்க, வேணாங்க. அதுலே ஒண்ணும் இல்லைங்க."

அதற்குள் அவர் பெட்டியை இழுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்.

நடுக்கடையில் போர்வை விரிந்தது. கேஷியரின் மஞ்சள் கோடு, நர்ஸின் வெள்ளை, டீச்சரின் பச்சைப் பூ, டீச்சர் மகளின் ரோஜா நிறம், எல்லாம் தோளோடு தோள் சேர்ந்து படுத்திருந்தன. டெய்லரம்மா இத்தனை வருஷம் கட்டிக் காத்த பெயர் காலடியில் கிடந்தது.

நர்ஸ் குனிந்து ஒரு தையலை விரலால் தடவிப் பார்த்தாள். "எலிக்குக் கை ரொம்ப நேர்த்தி," என்றாள்.

டீச்சர் மகள் மட்டும், எலிக்கு மெஷின் மிதிக்கக் கால் எட்டுமா என்று கேட்டாள். அவள் வாயைப் பொத்தி, பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு டீச்சர் கிளம்பினாள். மற்றவர்களும் போய்விட்டார்கள். ஒருத்தி திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அப்போ அந்த ரொட்டி?" என்றார் புருஷன் மெதுவாக.

"நான்தான் தின்னேன்."

அவர் பொறியை எடுத்துப் பரணில் போட்டார்.

டெய்லரம்மா போர்வையை முடித்துத் தெரு கூட்டுகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். பிள்ளைகளைக் குளிரில் விட்டு மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் எடுத்ததைத் திருப்பித் தராமல் ஆண்டவன் முன்னால் எப்படி நிற்பது? எந்தெந்தத் துணியில் எவ்வளவு எடுத்தோம் என்று அவள் கைக்குத் தெரியும். அதே துணியை வாங்கி, அவரவர் தைத்த உடுப்புக்குள் மடித்து வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். யாருக்கும் தெரிய வேண்டாம்.

கூட்டமில்லாத நேரம் பார்த்து, அவர்கள் எல்லோரும் துணி எடுக்கிற கடைக்குப் போனாள். மஞ்சள் கோட்டில் அரை மீட்டர், பச்சைப் பூவில் அரை மீட்டர், வெள்ளையில் அரை மீட்டர் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

கடைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவளை விநோதமாகப் பார்த்தார்.

"நீங்க எதுக்கு அக்கா வாங்கறீங்க? உங்ககிட்டே தைக்கக் குடுக்கறவங்க எல்லாரும் இத்தனை வருஷமா, 'போர்வைக்கும் சேர்த்து அரை மீட்டர் கூட வெட்டுப்பா, அந்தம்மாகிட்டே மட்டும் சொல்லிடாதே'ன்னுதானே வாங்கிட்டுப் போறாங்க?"