'கையாளவும்' என்றால் யார்?

புதுக்கடைக்கென்று ஆளுயரக் கண்ணாடி ஒன்றை ரயிலில் வரவழைத்தார் சலூன்காரர். நாற்காலி வந்தாயிற்று, கத்திரி வந்தாயிற்று. கண்ணாடி இல்லாத சலூனில் எவன் வந்து தலையைக் கொடுப்பான்? கண்ணாடியும் வந்து சேர்ந்தது, துண்டு துண்டாக. பெட்டியைச் சுற்றிலும் 'கவனமாகக் கையாளவும்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தும் இந்தக் கதி. மனுஷன் துண்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

ரயில்வே வக்கீல் எழுந்தார். "கையாளவும்னு போட்டிருக்கு, சரி. யார் கையாளணும்? வாக்கியத்துல எழுவாயே இல்லையே."

"ரயில்ல வந்த பெட்டிங்க. பின்ன என் மாமியாரா வந்து கையாளுவாங்க?" என்றார் சலூன்காரர்.

"அதைத் தெளிவா எழுதி ஒட்டியிருக்கணும்."

கனம் பொருந்திய நீதிபதிக்கு இலக்கணத்தில் கொஞ்சம் சபலம். மீசையை நீவி நீவி யோசித்துத் தீர்ப்பை வாசித்தார்: "எழுவாய் இல்லாத ஏவல் எவரையும் கட்டுப்படுத்தாது. ஆகவே ரயில்வேக்குப் பொறுப்பில்லை. வழக்கு தள்ளுபடி. சான்றாக வைத்த கண்ணாடித் துண்டுகளை உடனே அகற்றவும்."

யாரும் அசையவில்லை.

"என்னய்யா, அகற்றவும்னு சொன்னேனே?"

"யாருன்னு சொல்லலைங்களே ஐயா," என்றார் டவாலி பணிவாக.

தீர்ப்பு தீர்ப்புதான், கொடுத்தவரே மீறலாமா? துண்டுகள் சுவரில் சாய்ந்தபடியே நின்றன. சலூன்காரருக்குப் பொறி தட்டியது. மறுநாளே நாற்காலியைத் தூக்கிவந்து அவற்றுக்கு எதிரே போட்டுவிட்டார். காவலர் ஓடிவந்து, 'இங்கே கடை வைக்கக் கூடாது' என்ற பலகையைக் காட்டினார்.

"யாரு?" என்றார் இவர்.

காவலர் யோசித்துப் பார்த்தார். பிறகு முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தார்.

வியாபாரம் சக்கைப்போடு போட்டது. ஒருநாள் நீதிபதியே வந்து உட்கார்ந்தார். பாதி மீசை இறங்கியிருந்த சமயம், பழக்கதோஷத்தில், "மீதியையும் எடுக்கவும்" என்று உத்தரவிட்டுவிட்டார். சலூன்காரர் கத்தியை மடித்து வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார். இறங்கிவந்து கேட்க நீதிபதிக்குக் கௌரவம் இடம் தரவில்லை. அதே கோலத்தில் போய் ஆசனத்தில் அமர்ந்தார்.

மத்தியானமே ரயில்வே வக்கீல் வந்தார். "ஐயாவுக்குப் பண்ணின மாதிரியே எனக்கும் பண்ணிடுங்க." சாயங்காலம் குமாஸ்தாக்கள் வரிசையில் நின்றார்கள்.

இப்போது முழு மீசையோடு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் மேலும் கீழும் பார்க்கிறார்கள். "நாலு பேர் வர்ற இடத்துக்கு இப்படியாங்க வர்றது? போய்ப் பாதியை எடுத்துட்டு வாங்க."

நாமும் முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்துவிட்டு வருகிறோம். வலப்பாதியா இடப்பாதியா என்பதில்தான் நமக்குள் அடிதடி.