பல்லடத்துல ஏதுங்க அலை?

ஐம்பத்து மூன்றாவது பிறந்த நாளன்று சுந்தரராஜுலு ஒரு தீர்மானம் எடுத்தார். இந்த வருஷம் முடிவதற்குள் கடலலை மீது ஒரு தடவையாவது எழுந்து நின்றுவிடுவது. எவ்வளவு நேரம் என்பது முக்கியமில்லை. ஒரு தும்மல் நேரம் போதும். ஆனால் நின்றதாக இருக்க வேண்டும்.

கோயம்புத்தூர் கணபதியில் மோட்டார் பம்பு கம்பெனி நடத்துகிறவருக்கு இப்படி ஓர் ஆசை வந்தது அவர் குற்றமல்ல. பிப்ரவரியில் டீலர்கள் கூட்டம் மாமல்லபுரத்தில் நடந்தது. மறுநாள் காலை டீலர்கள் எல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, இவர் மட்டும் கடற்கரைக்கு நடந்தார். அங்கே ஒரு பாறை முனை. அலை அந்த முனையைச் சுற்றிக்கொண்டு ஒரே பக்கமாக, நீளமாக உருண்டு வந்தது. அதன்மேல் பலகை போட்டு ஆட்கள் நின்றபடியே வந்தார்கள். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கும் கௌதமன் என்ற இளைஞன், "சும்மா படுங்கண்ணா, நான் தள்ளிவிடறேன்" என்றான். படுத்தார். தள்ளினான். கடல் அவரை முப்பதடி தூரம் தூக்கி வந்து மணலில் வைத்தது. மூக்கு நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. முப்பது வருஷமாகத் தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தவரைத் தண்ணீர் மேலே ஏற்றியது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு மூன்று 'டீலர் மீட்டிங்' போய் வந்தார். படுத்தபடி வந்தார், முட்டி போட்டு வந்தார், ஒரு தடவை பலகை இல்லாமலே வந்தார். நிற்க மட்டும் வரவில்லை.

மனைவி கோமளாவிடம் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சைக்கிள் விவகாரம் ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இருபத்தொரு கியர் சைக்கிள் வாங்கி, மருதமலை இறக்கத்தில் விழுந்து, காறை எலும்பை உடைத்துக்கொண்டார். ஆறு வாரம் கோமளாதான் சோறு ஊட்டிவிட்டாள். கட்டுப் பிரித்த அன்றே சைக்கிளை இஸ்திரிக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இனி இந்த மாதிரி வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று அவர் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினாள். கோமளாவுக்குத் தலைமுடி அடர்த்தி. சத்தியமும் அப்படித்தான் இருந்தது.

ஆகவே எல்லாம் ரகசியம். போனில் கடல் நிலவரம் போடும் பக்கம் ஒன்றைத் தினமும் பார்ப்பார். அலை உயரம், எத்தனை வினாடிக்கு ஒரு அலை, காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எல்லாம் பதினாறு நாளுக்கு வரிசையாக இருக்கும். யாராவது கேட்டால் சொல்லப் பதில் தயார். பல்லடம் பக்கம் அவர்களுக்கு ஒரு காத்தாடி உண்டு, கரண்டு எடுக்கிற காத்தாடி. அதற்காகக் காற்று பார்க்கிறாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோமளா பீன்ஸ் நறுக்கியபடி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏனுங்க, வேவ் ஹைட்டுன்னு போட்டிருக்குதுங்களே. பல்லடத்துல ஏதுங்க அலை?"

சுந்தரராஜுலு வாயிலிருந்த இட்லியை அவசரமாக விழுங்கினார்.

"அது வந்து அம்மணி, காத்து அலையலையா வருமில்ல? அதோட ஒசரம்."

"பதினாலு செகண்டுன்னு இருக்குது?"

"றெக்கை ஒரு சுத்து சுத்தற நேரம்."

"பதினாலு செகண்டுக்கு ஒரு சுத்துன்னா அதுல கரண்டு வராதுங்க. ஈ வேணா ஓட்டலாம்."

"அதாஞ்சொல்றேன், காத்து கம்மி. சூப்பரா கம்மி." அவர் முகம் தன்னையறியாமல் மலர்ந்தது.

"அப்படிங்களா" என்றாள் கோமளா.

இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியவர் அந்த 'அப்படிங்களா'வைக் கேட்டதும் எழுந்து ஓடியிருக்க வேண்டும். இவர் இரண்டாவது இட்லியை எடுத்தார்.

"உங்களுக்குத்தான் காத்து அத்துப்படியாச்சே, ஒண்ணு சொல்லுங்க. என்ற தம்பி பல்லடத்துல கட்டியிருக்கற புது ஊட்டுக்குப் புண்ணியார்ச்சனை வெக்கோணும். வைகாசியில ரெண்டு முகூர்த்தம் இருக்குது. வர்ற வாரம் ஞாயிறு ஒண்ணு, அதுக்கடுத்த ஞாயிறு ஒண்ணு. பல்லடத்துக் காத்துக்குப் பந்தல் பிச்சுக்கிட்டுப் போயிரும். எந்த ஞாயிறு காத்து கம்மிங்க?"

கடவுளே நேரில் வந்து கேட்டதுபோல் இருந்தது அவருக்கு. ஏனென்றால் அன்று காலைதான் கௌதமனிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. "அண்ணா, வர்ற வாரம் ஞாயிறு கடல் செத்துக் கெடக்கும், தட்டு மாதிரி. அதுக்கடுத்த ஞாயிறு பாருங்க. மூணடி, பதினாலு செகண்டு, காலையில கரைக்காத்து லேசா. இப்படி வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் வரும். இதுல நிக்கலைன்னா நீங்க எதுலயும் நிக்க மாட்டீங்க."

மச்சினன் உதய் வீட்டு விசேஷம் முதல் ஞாயிறு முடிந்துவிட்டால், இரண்டாவது ஞாயிறு கடலுக்கு. பல்லடத்தின் காற்றை அவர் பார்க்கக்கூட இல்லை.

"மொத ஞாயிறு வெக்கச் சொல்லு" என்றார் கம்பீரமாக. "ஒரு எலை ஆடாது."

"சரிங்க, தம்பிகிட்ட சொல்லிப்போடறேன்."

அன்று சாயங்காலமே, இரண்டாவது ஞாயிறு சென்னையில் டீலர் மீட்டிங் என்று அறிவித்தார். ரயில் டிக்கெட்டும் போட்டார். கோமளா மறு பேச்சுப் பேசவில்லை. "போய்ட்டு வாங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக எதுவும் அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை. அதற்காகவாவது அவர் சந்தேகப்பட்டிருக்கலாம்.

எட்டு நாள் கழிந்தது. முதல் முகூர்த்தத்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், காரைக் கழுவி, ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்றைப் பின் சீட்டில் படுக்கவைத்து, பட்டு வேட்டியோடு வந்து நின்றார். கோமளா பழைய நைட்டியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே காற்று கொய்யா மரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் கெளம்பலியா? காலைல நாலரைக்கு அங்க இருக்கோணும்."

"எங்கீங்க?"

"உன்ற தம்பி ஊட்டுப் புண்ணியார்ச்சனைக்கு."

"அது அடுத்த ஞாயித்துக்கெழமைங்க."

வேட்டி லேசாக நழுவியது. பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னத அவங்கிட்டச் சொல்றேன்னியே?"

"சொன்னேனுங்களே. 'உங்க பாவா மொத ஞாயிறுங்கறாரு, அதனால நீ ரெண்டாவது ஞாயிறு வெய்யி'ன்னு சொன்னேன். நம்ம சொந்தக்காரங்க குரூப்புல அழைப்பும் போட்டாச்சு."

அந்தக் குரூப்பை அவர் ஊமையாக்கி ஒரு வருஷமாகிறது.

"எனக்கு அன்னிக்கு டீலர் மீட்டிங்கு. டிக்கெட்டு போட்டிருக்கறேன்."

"அத கேன்சல் பண்ணிப்போட்டேனுங்க. ஏமண்டி, கொஞ்சம் உக்காருங்க."

கோமளா 'ஏனுங்க' என்று கூப்பிடும்வரை வீட்டில் எல்லாம் நலம். தாய்மொழியான தெலுங்குக்குத் தாவி 'ஏமண்டி' என்றால் நாற்காலியைத் தேடுவது உத்தமம். உட்கார்ந்தார்.

"காத்து கொறையுதுன்னா காத்தாடி வெச்சிருக்கறவன் மூஞ்சி சுண்டிப்போகும். காத்தாடி வெச்சிருந்த எங்கப்பா வைகாசி மாசம் காத்து நின்னா சோறே திங்கமாட்டாரு. நீங்க காத்து கம்மின்னு சொல்லிச் சிரிக்கறீங்க. அப்ப ஒண்ணு உங்களுக்குப் புத்தி பெசகியிருக்கோணும், இல்லீன்னா நீங்க பாக்கறது காத்தாடிய இல்ல."

அவர் போனை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"உங்க போன்ல 'கௌதமன் டீலர்'னு இருந்துச்சு. கூப்பிட்டு, 'தம்பி, இந்த வருஷம் எத்தன மோட்டார் எடுத்தீங்க'ன்னு கேட்டேன். 'மோட்டாரா? அண்ணன் இன்னும் முட்டி போட்டுத்தான் வர்றாரு அண்ணி'ங்கறான். காத்தாடிக்குக் காவலிருக்கற சின்னானையும் கேட்டேன். மொத ஞாயிறு பேய்க்காத்து, ரெண்டாவது ஞாயிறு ஓஞ்சுரும்னாரு. உங்க பேச்சக் கேட்டிருந்தா நாளைக்கு என்ற தம்பி ஊட்டுப் பந்தல் சோமனூர்ல போய் உழுந்திருக்கும்."

கொய்யா மரம் அதை ஆமோதித்தது.

"சொன்னா விட்டிருப்பியா?" என்றார் சுந்தரராஜுலு, மெதுவாக.

"விட்டிருக்கமாட்டேன்."

"அப்பறம்?"

"ஆறு வாரம் உங்களுக்கு ஊட்டிவிட்டது நானுங்க. அந்தக் கட்டப் பாக்கறப்பல்லாம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது." மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"நிக்கோணும் கோமு" என்றார். "ஒரே ஒரு தடவ. பம்புக்கு வாரண்டி கொடுத்துக் கொடுத்தே காலம் போயிருச்சு. ஒரு தடவ நின்னு பாக்கோணும், அவ்வளவுதான்."

கோமளா மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குத்துவிளக்கு ஒரு வாரம் காரிலேயே படுத்திருந்தது.

இரண்டாவது ஞாயிறு பல்லடத்தில் ஒரு இலை ஆடவில்லை. பந்தல் அசையாமல் நின்றது. வந்த சொந்தமெல்லாம் சுந்தரராஜுலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, காற்றைக் கணிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றார்கள். நாள் பார்த்துக் கொடுத்ததே எங்கள் வீட்டுக்காரர்தான் என்று கோமளா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவருக்குக் கூச்சத்தில் முகம் சிவந்தது. பந்திக்கு முன்னால் ஓரமாகப் போய் போனைப் பார்த்தார். மூன்றடி, பதினாலு வினாடி, கரைக்காற்று லேசாக. பந்தியில் உட்கார்ந்து நாக்கில் இனிப்பு வைத்தும் வாய் கசந்தது.

கோமளா பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க" என்றாள். ஏனுங்க. அவர் நிமிர்ந்தார்.

"இந்த அலை ஒரே நாள்ல போயிராதுங்களாமா. நாளைக்கும் இதே மாதிரி வருமாமா. ஞாயித்துக்கெழமை கூட்டம், திங்கக்கெழமைதான் சவுரியம்னு கௌதமன் சொன்னான். மத்தியான ரயிலுக்கு டிக்கெட்டு போட்டிருக்கறேன்."

"எனக்கா?"

"ரெண்டு பேருக்கும். நீங்க உழுந்தா எடுக்கறதுக்கு ஆள் வேணுமில்லீங்களா?"

அவர் ரசத்தைப் பாயசத்தில் ஊற்றிச் சாப்பிட்டார். அன்றைக்கு அதுவும் ருசித்தது.

ரயிலில் நான்கு மணி நேரம் பாடம் நடத்தினார். முனையில் அலை ஏன் ஒரே பக்கமாக உருளுகிறது, கரைக்காற்று ஏன் அலையை நிமிர்த்துகிறது, எல்லாம். கடைசியாக ஒன்றையும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நெட்டுல போடறதெல்லாம் குத்துமதிப்பு அம்மணி. அத நம்பவே கூடாது. கௌதமன் வாயால சொல்றதுதான் வேதம்."

"அப்படிங்களா" என்றாள் கோமளா.

திங்கட்கிழமை விடிந்தபோது முனையைச் சுற்றி அலை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. கோமளா கைப்பையில் மஞ்சள் தூளும் கட்டுத்துணியும் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள். முதல் அலையில் விழுந்தார். ஆறாவதிலும் விழுந்தார். ஒன்பதாவது அலைக்குக் கௌதமன் தள்ளிவிட்டு, "இப்ப ஏந்திரிங்கண்ணா" என்று கத்தினான்.

எழுந்தார். நின்றார். கால் இரண்டும் பலகையில், கை இரண்டும் காற்றில், கீழே கடல் வழுக்கிக்கொண்டு ஓடியது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. கோமளா பார்க்கிறாளா என்று கரைப் பக்கம் திரும்பினார். அத்தோடு கவிழ்ந்தார்.

தலையைத் தூக்கியபோது, கணுக்காலுக்கு மேல் கடலை அண்டவிடாத கோமளா முழங்கால் தண்ணீரில், புடவை நனைய, கைப்பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேனுங்க. நின்னீங்க. நாலு செகண்டு."

"அஞ்சு இருக்கும்."

"நாலுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உப்புக்காற்று என்றாள். அவருக்கு மருதமலையே மார்மேல் இருந்து இறங்கினாற்போல் இருந்தது.

ஊர் திரும்பும் வழியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இனி ரகசியம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் கடலுக்குப் போகலாம், இரண்டு பேருமாக. கடல் நிலவரத்தைக் கௌதமன் இனிமேல் அவள் போனுக்குத்தான் அனுப்புவான். சுந்தரராஜுலு சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை. அவர் போனில் அந்த ஞாயிற்றுக்கு மூன்றடி அலை என்று காட்டியது. துள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கோமளா போனைக் காதில் வைத்து, கௌதமனின் குரல் பதிவை முழுவதும் கேட்டாள். பிறகு மிகுந்த வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினாள்.

"இந்த ஞாயித்துக்கெழமை கடல் செத்துக் கெடக்குமாமாங்க. தட்டு மாதிரியாமா."

"இதுல மூணடின்னு போட்டிருக்குது?"

"நெட்டுல போடறதெல்லாம் குத்துமதிப்புன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? பரவால்லீங்க, பரண் சுத்தம் பண்ணி ரெண்டு வருஷமாச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு சுந்தரராஜுலு ஏணி மேல் ஏறினார். அதில் நாலு மணி நேரம் விழாமல் நின்றார்.