கதவுக்குள் போன கூந்தல்

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முகமூடி மூன்றையும் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு திமிர் வரும். இனி நமக்கு ஒன்றும் ஆகாது என்ற திமிர். தஞ்சாவூரில் விபத்து வண்டிகளைச் சரிசெய்யும் பட்டறையில் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில் எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பாவின் நண்பர் நீடாமங்கலம் சலீம் மாமாவின் கார் பட்டறையில் நின்றது. நெல் ஏற்றிய டிராக்டர் உரசிக் கதவின் வெளித்தகடு கிழிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவின் மகளுக்கு நிக்காஹ். வாப்பா வளைகுடாவில் உழைத்து வாங்கிய அந்த வண்டியில்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். புதுத் தகட்டைப் பசை போட்டே ஒட்டிவிடலாம் என்றேன்.

“வெல்டு வெச்சாத்தாம்மா நிக்கும். பசையெல்லாம் செருப்புக்குத்தான்” என்றார் மாமா.

(மாமா சொன்னது ரெண்டு வரி. நான் ஆற்றியது சொற்பொழிவு.) வெல்டு சூட்டில் மெல்லிய தகடு நெளியும். இந்தப் பசை இறுகினால் தகடு கிழியுமே தவிர ஒட்டு பிரியாது. ஒரே நிபந்தனை, ஒட்டும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது.

கதவின் சட்டத்தை மேசையில் கிடத்தி, ஓரமெல்லாம் பசை பிதுக்கினேன். வரி ஒழுங்காக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தபடியே தகட்டை வைக்கச் சொன்னேன். டிங்கர் செந்தில் அண்ணன் வைத்தார். ஓரத்தை மடக்கித் தட்டிக் கிளாம்ப் முறுக்கினோம். சித்திரை வெயிலில் பசை கிடுகிடுவென்று இறுகியது. மாமாவைப் பெருமையாகப் பார்க்க நிமிர்ந்தேன்.

நிமிர முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தலைக்குக் குளியல். ஈரத்தலையைக் கொண்டை போட்டால் நீர் கோத்துக்கொள்ளும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டு வந்திருந்தேன். முடிச்சிலிருந்து நழுவிய இடப்பக்கத்துக் கற்றை முழுவதும் இப்போது கதவுக்குள். சீயக்காய் போட்டு அலசிய, எண்ணெய்ச் சுவடே இல்லாத கூந்தல். பரப்புத் தயாரிப்பில் குறையே சொல்ல முடியாது.

“கழட்டுனா தகடு போயிரும் மேடம். புதுசு வர அடுத்த வாரமாயிரும்” என்றார் செந்தில் அண்ணன்.

“வண்டி கெடக்கட்டும்மா” என்றார் மாமா. “நான் வாடகைக்குப் பாத்துக்கறேன். பொம்பளப்புள்ள முடி.”

கதவில் கன்னம் வைத்துக்கொண்டு கம்பீரமாகப் பேசுவது கஷ்டம். இருந்தாலும் சொன்னேன்: “கத்தரி எடுங்கண்ணே.”

பட்டறையில் இருந்தது தகடு வெட்டும் கத்தரி. வலப்பக்கம் இடுப்புவரை, இடப்பக்கம் காதுவரை என்ற கோலத்தில் வீட்டுக்குப் போனேன். “அடிபட்டது வண்டியா, நீயா?” என்றாள் அம்மா. மறுநாள் பார்லரில் மிச்சத்தையும் காதுவரை கொண்டுவந்து சமன் செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் அந்தக் காரில்தான் போனாள். நானும் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு. அந்தக் கூட்டத்தில் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஒட்டு இன்றுவரை பிரியவில்லை. அந்தக் கார் எங்கள் வாசலுக்கு வந்து, யாராவது கதவை அறைந்து மூடினால், அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: “மெதுவா சாத்துங்க, எம்பொண்ணுக்கு வலிக்கும்.”